பிரிட்டனில் ஆஸ்டியோபத்தாகப் பதிவு பெறுதல்: வெளிநாட்டுத் தகுதியுடன் வந்தவர்களுக்கு வழி உண்டா?

கோவை செந்தில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பிசியோதெரபி இளநிலைப் பட்டம் பெற்று, அங்கேயே ஒரு எலும்பு மருத்துவமனையிலும் பின்னர் சொந்தமாகவும் சில ஆண்டுகள் பணியாற்றியவன் நான். மனைவிக்கு இங்கே செவிலியர் பணி கிடைத்ததால், அவரைச் சார்ந்தவர் என்ற விசாவில் இலண்டனுக்கு வந்து ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். ஊரில் இருந்தபோது வார இறுதி வகுப்புகளாக நடந்த ஆஸ்டியோபதி (கைகளால் எலும்பையும் தசையையும் சீர்செய்யும் சிகிச்சை) டிப்ளமோ ஒன்றையும் முடித்திருக்கிறேன். அதை நடத்திய நிறுவனம் தங்கள் சான்றிதழ் ஐரோப்பா முழுவதும் செல்லும் என்று சேர்க்கையின்போது உறுதியளித்தது. இங்கு வந்து விசாரித்தால் அப்படி ஒரு சான்றிதழைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை.

என் கேள்விகள் இரண்டு. முதலாவது, இந்த டிப்ளமோவையும் பிசியோதெரபி பட்டத்தையும் சேர்த்துக் காட்டி இங்கே ஆஸ்டியோபத்தாகப் பதிவு செய்துகொள்ள முடியுமா? இரண்டாவது, பதிவு கிடைக்கும்வரை 'ஆஸ்டியோபதி பயின்றவர்' என்று அட்டையில் அச்சிட்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் சிகிச்சை செய்வதில் சட்டச் சிக்கல் ஏதேனும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

வெம்பிளி வாசன் எழுதியது:

வணக்கம் செந்தில். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவசரம் அதில்தான் இருக்கிறது. அந்த அட்டையை அச்சிடாதீர்கள். அச்சிட்டிருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள். 1993-ஆம் ஆண்டின் ஆஸ்டியோபத்துகள் சட்டம், 32-ஆம் பிரிவு, பதிவேட்டில் இல்லாத ஒருவர் தம்மை ஆஸ்டியோபத் என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ சொல்லிக்கொள்வதைக் குற்றம் என்கிறது. ஆஸ்டியோபதிக் பிராக்டிஷனர், ஆஸ்டியோதெரபிஸ்ட் போன்ற மாற்றுப் பெயர்களையும் அதே பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது. 'மறைமுகமாக' என்ற சொல் சட்டத்திலேயே இருப்பதால், 'பயின்றவர்' என்ற ஒட்டு உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். தெரிந்தவர்களுக்கு மட்டும் செய்கிறோம் என்பதும் ஒரு வாதம் ஆகாது. பதிவேட்டை நடத்தும் ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சில் இத்தகைய புகார்களை விசாரித்து வழக்கும் தொடுக்கிறது. குற்றத் தீர்ப்பு ஒன்று உங்கள் பெயரில் வந்துவிட்டால், பின்னாளில் நீங்கள் எந்தச் சுகாதாரத் தொழிலில் பதிவு கேட்டாலும் நன்னடத்தைக் கேள்வியில் அது முன்னால் வந்து நிற்கும்.

முதல் கேள்விக்கு வருவோம். பதிவேட்டுக்குள் நுழைய இரண்டு வாசல்கள்தாம் உள்ளன. ஒன்று, பிரிட்டனில் கவுன்சில் அங்கீகரித்த தகுதியைப் பெறுவது. அங்கீகாரம் அளிப்பது கவுன்சில் என்றாலும், அதற்கு அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே ஒரு கல்லூரி தன் விளம்பரத்தில் என்ன எழுதினாலும், கவுன்சிலின் தளத்தில் வெளியிடப்படும் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்பது ஒன்றே கணக்கு. பெரும்பாலும் நான்காண்டு எம்.ஆஸ்ட். (ஆஸ்டியோபதி முதுநிலை) பட்டம், அல்லது அதையே பகுதிநேரமாக நீட்டிய பாடத்திட்டம்.

மற்றொன்று, வெளிநாட்டு ஆஸ்டியோபதித் தகுதி உள்ளவர்களுக்கான மதிப்பீடு. முதற்கட்டத்தில் உங்கள் படிப்பின் பாடத்திட்டம், நேர அளவு, கண்காணிப்பின் கீழ் நோயாளிகளைப் பார்த்த பயிற்சி ஆகியவற்றை இங்குள்ள தகுதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதில் தேறினால், உங்கள் நடைமுறை அனுபவத்தைப் பற்றிய விரிவான வினாத்தாளுக்கு நிகழ்வுகளை எடுத்துக்காட்டி எழுத்தில் பதிலளிக்க வேண்டும். அதன்பின் நேரடி மருத்துவ மதிப்பீடு. இங்குள்ள ஒரு பயிற்சிக் கிளினிக்கில், முன்பின் பார்த்திராத நோயாளிகளை நீங்கள் விசாரித்து, பரிசோதித்து, சிகிச்சை அளிப்பதை மதிப்பீட்டாளர்கள் உடனிருந்து பார்ப்பார்கள். ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு.

உங்கள் டிப்ளமோவைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இங்குள்ள மாணவர்கள் பட்டம் பெறுவதற்குள் ஏறக்குறைய 1,000 மணி நேரம் கண்காணிப்பின் கீழ் நோயாளிகளோடு பழகியிருக்க வேண்டும் என்பது அளவுகோல். வார இறுதி வகுப்பில் ஒருவர் முதுகில் ஒருவர் பயிற்சி செய்வது அந்தக் கணக்கில் வராது. பிசியோதெரபிஸ்டாக நீங்கள் பார்த்த நோயாளிகளும் ஆஸ்டியோபதிப் பயிற்சியின் மணிகளாக எண்ணப்படமாட்டார்கள். கட்டணம் செலுத்துவதற்கு முன், அந்த நிறுவனத்திடமிருந்து பாடத்திட்டத்தையும் நேரக் கணக்கையும் எழுத்தில் வாங்க முயலுங்கள். அவர்கள் தரத் தயங்கினால் அதிலேயே விடை இருக்கிறது.

நெல்லியடியான் எழுதியது:

தம்பி வாசன் சட்டத்தைச் சரியாகச் சொன்னார். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, அதை இங்கே பதிவு செய்கிறேன். என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் முறிவு நெரிவு வைத்தியம் பார்த்தவர். அவருக்கு அவர் தகப்பனார் கற்றுக்கொடுத்தார். இலங்கையில் 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பரம்பரை வைத்தியர்கள் பதிவு பெற வழி இருக்கிறது. அரசாங்கம் அவர்களை ஒரு பொருட்டாக மதித்தது. இந்த நாட்டிலோ, கைகளால் எலும்பையும் தசையையும் அறிந்து சீர்செய்வதையே தொழிலாகக் கொண்ட ஆஸ்டியோபதி ஒரு அமெரிக்கரிடமிருந்து வந்த வித்தை என்பதற்காகச் சட்டம் இயற்றிப் பாதுகாக்கப்படுகிறது. நம்முடையது கடையோரத் தைலத் தேய்ப்பாகப் பார்க்கப்படுகிறது. 1993-இல் சட்டம் வந்தபோது ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த ஆங்கிலேயர்கள் எல்லாரும் பல்கலைக்கழகப் பட்டம் வைத்திருந்தார்களா என்று யாராவது சொல்லுங்கள். அவர்களுக்குத் திறந்த கதவு நமக்கு ஏன் திறக்கவில்லை?

வெம்பிளி வாசன் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது; பதில் சற்று நீளும்.

ஆஸ்டியோபதியை வகுத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசௌரியின் கர்க்ஸ்வில் நகரில் தம் பள்ளியைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-இல் இலண்டனில் பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் ஆஸ்டியோபதியை நிறுவினார். இங்குள்ள ஆஸ்டியோபத்துகள் சட்ட அங்கீகாரம் கேட்டு 1930-களிலேயே நாடாளுமன்றத்தை அணுகினார்கள். 1935-இல் பிரபுக்கள் சபையின் தேர்வுக் குழு முன் அவர்களுடைய மசோதா மருத்துவர்களின் எதிர்ப்பையும் கடுமையான குறுக்கு விசாரணையையும் சந்தித்துத் தோற்றது. லிட்டில்ஜானின் சாட்சியமே தம் தரப்புக்குப் பாதகமாக முடிந்தது என்பார்கள். அதன் பிறகு தாமாகவே ஒரு தன்னார்வப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 1991-இல் நீதிபதி தாமஸ் பிங்காம் தலைமையில் கிங்ஸ் ஃபண்ட் என்ற சுகாதார அறக்கட்டளை அமைத்த குழு சட்டப்பூர்வ ஒழுங்குமுறை வேண்டும் என்று பரிந்துரைத்த பின்னரே 1993-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஆகவே இது யாருக்கும் தட்டில் வைத்து நீட்டப்பட்டதன்று.

ஏற்கெனவே தொழில் புரிந்தோர் பற்றிக் கேட்டீர்கள். ஆம், அவர்கள் எல்லாரிடமும் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இல்லை. பதிவேடு 1998 மே மாதம் திறந்தது. அதிலிருந்து இரண்டாண்டுக்கு இடைக்காலச் சலுகை இருந்தது. தாம் பாதுகாப்பாகவும் திறமையாகவும் தொழில் புரிந்ததை நிறுவும் விரிவான ஆவணத் தொகுப்பை எழுதிச் சமர்ப்பித்து அவர்கள் விண்ணப்பித்தார்கள். எழுதி முடிக்க இயலாமலும் எழுத மறுத்தும் தொழிலை விட்டவர்கள் உண்டு. 2000 மே மாதத்தோடு அந்தக் கதவு மூடப்பட்டது. அன்றிலிருந்துதான் பெயர் முழுமையாகப் பாதுகாக்கப்படுகிறது. அன்று இங்கே ஆஸ்டியோபதி செய்துகொண்டிருந்தவர்களுக்காகத் திறந்த கதவு அது. முறிவு வைத்தியத்தை அதனுள் கொண்டுவர யாரும் முயன்றதாக நான் அறியேன்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் பெயரைத்தான் பூட்டி வைக்கிறதே தவிர, கைவினையை அன்று. மூட்டை நகர்த்துவதோ தசையைத் தளர்த்துவதோ பிரிட்டனில் ஆஸ்டியோபத்துக்கு மட்டும் உரியது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்கள் தகப்பனாரின் வைத்தியத்தை நீங்கள் இங்கே அதன் சொந்தப் பெயரில் செய்வதை ஆஸ்டியோபத்துகள் சட்டம் தடுக்காது. காப்பீடு, உள்ளூராட்சி உரிமம், ஒரு தீங்கு நேர்ந்தால் வரக்கூடிய பொறுப்பு ஆகியவை வேறு கேள்விகள்.

டொராண்டோ குமரன் எழுதியது:

வாசன் சொன்ன கடைசிப் பத்தி எல்லா நாட்டுக்கும் பொருந்தாது என்பதைக் கனடாவிலிருந்து குறிப்பிட விரும்புகிறேன், ஏனெனில் இந்த இழையை இங்குள்ள தமிழர்களும் வாசிப்பார்கள்.

ஒன்டாரியோவில் நிலைமை தலைகீழ். இங்கே 1991-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் ஆஸ்டியோபத் என்ற பெயரை மருத்துவர்களின் கல்லூரி எனப்படும் பதிவு அமைப்பில் உறுப்பினரானவர்களுக்கே ஒதுக்குகிறது. அதாவது அமெரிக்க முறையில் முழு மருத்துவப் பயிற்சி பெற்ற டி.ஓ. பட்டதாரிகளையே அந்தச் சொல் குறிக்கும். கைச்சிகிச்சை மட்டும் செய்பவர்களுக்கெனச் சட்டப்பூர்வப் பேரவை எதுவும் ஒன்டாரியோவில் இல்லை. அவர்கள் தனியார் சங்கங்களில் சேர்ந்து, மேனுவல் ஆஸ்டியோபதி என்ற சொல்லைச் சுற்றி வேறு பெயர்களை வைத்துக்கொள்கிறார்கள். அதே நேரத்தில், முதுகெலும்பு மூட்டை அதன் இயல்பான எல்லையைத் தாண்டி விரைவான சிறு உந்துதலால் நகர்த்துவது, ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்படி கட்டுப்படுத்தப்பட்ட செயல். அதற்கு அதிகாரம் பெற்ற தொழிலினர் தவிர வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது. இலண்டனில் பெயர் பூட்டப்பட்டு உத்தி திறந்திருக்கிறது என்றால், இங்கே பெயரும் பூட்டியிருக்கிறது, முக்கியமான உத்தியும் பூட்டியிருக்கிறது, நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒரு தொழிலே நடக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் இத்தகைய படிப்புகளில் பணம் கட்டிச் சேரும் நம் பிள்ளைகள் பலர், படிப்பு முடிந்ததும் தமக்கு 'லைசென்ஸ்' கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள். கிடைப்பது ஒரு சங்கத்தின் உறுப்பினர் எண். காப்பீட்டு நிறுவனங்கள் அந்த எண்ணை ஏற்றுப் பணம் தரலாம், நாளை ஏற்காமலும் போகலாம். அமெரிக்காவிலோ டி.ஓ. என்பவர் எல்லா மாநிலங்களிலும் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் முழு உரிமம் பெற்ற மருத்துவர். அந்தப் படிப்புக்கும் இந்த இழையில் பேசப்படும் படிப்புக்கும் பெயரில் உறவு இருக்கிறதே தவிர உரிமத்தில் எந்த உறவும் இல்லை. இலண்டனில் பதிவு பெற்ற ஆஸ்டியோபத் நியூயார்க்குக்குப் போய் ஆஸ்டியோபத்தாகத் தொழில் செய்ய முடியாது.

அகிலா எழுதியது:

செந்தில் அண்ணாவுக்கு நேராகவே ஒரு மாற்றுக் கருத்து. நீங்கள் ஏன் ஆஸ்டியோபத் ஆக வேண்டும்? நான் சென்னையில் பிசியோதெரபி படித்துவிட்டு இங்கே பிசியோதெரபிஸ்டுகளைப் பதிவு செய்யும் எச்.சி.பி.சி. அமைப்பில் பதிவு பெற்று, அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். நாம் படித்த காலத்தில் இந்தியப் பிசியோதெரபி பட்டம் நான்கரை ஆண்டு, அதில் ஆறு மாதம் உள்ளுறைப் பயிற்சி. எச்.சி.பி.சி. உங்கள் பாடத்திட்டத்தையும் மருத்துவப் பயிற்சி நேரத்தையும் பிரிட்டனின் தகுதி நியமங்களோடு ஒப்பிட்டு முடிவு சொல்கிறது. குறை இருந்தால் பணியனுபவத்தை வைத்து நிரப்ப இடம் தருகிறது. கையில் இருக்கும் பட்டமே அந்த வாசலுக்கான சாவியாக இருக்கும்போது, இன்னொரு வாசலுக்காக நான்காண்டு படிப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பிசியோதெரபிஸ்டுக்கு மருத்துவமனை, சமூகநலப் பிரிவு, குடும்ப மருத்துவர் கிளினிக் என்று எல்லா இடத்திலும் சம்பள வேலை உண்டு. ஆஸ்டியோபத்துகளை 2017-இல் என்.எச்.எஸ். இங்கிலாந்து துணை மருத்துவத் தொழிலினரின் வரிசையில் சேர்த்தது உண்மைதான். இருந்தாலும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் தனியாரில், சுயதொழிலாகவே இருக்கிறார்கள். மூட்டு உந்தல் உட்பட அவர்கள் செய்யும் கைச்சிகிச்சைகளில் பெரும்பகுதியை, முறையான பயிற்சியும் காப்பீடும் இருந்தால், பிசியோதெரபிஸ்டும் செய்யலாம். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு முதுகுவலிக்கு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்ந்த தொகுப்பின் ஒரு பகுதியாக மட்டுமே பரிசீலிக்கச் சொல்கிறது. அட்டையில் எந்தப் பெயர் என்பதைவிட அந்த உடற்பயிற்சிப் பகுதியைச் சரியாகச் செய்பவர் யார் என்பதே நோயாளிக்கு முக்கியம்.

மலர்விழி எழுதியது:

அகிலா அக்கா சொல்வது வருமானக் கணக்கில் சரி. ஆனால் அவரவர் எதைச் செய்ய விரும்புகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் ஆஸ்டியோபதி இறுதியாண்டில் இருக்கிறேன். என்.எச்.எஸ். பிசியோதெரபி பிரிவில் உதவியாளராக இருந்துவிட்டு இங்கே வந்தவள் என்பதால் இரண்டையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரமும் இங்கே கிடைக்கும் நேரமும் வேறு.

படிப்பைப் பற்றிச் சில செய்திகள். முதலிரண்டு ஆண்டுகள் உடற்கூறு, உடலியங்கியல், தொட்டறியும் திறன் என்று போகும். கிளினிக்கில் பார்வையாளராக நிற்போம். பின்னர் நோயாளிகள் நம் பெயரில் ஒதுக்கப்படுவார்கள். நோய் வரலாறு கேட்டு, பரிசோதித்து, எங்கள் அனுமானத்தை ஆசிரியரிடம் சொல்லி, அவர் ஒப்புதல் அளித்த பிறகே நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்யலாம். மேல்படியில் இருக்கும் ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இவருக்கு நாம் சிகிச்சை செய்யலாமா, அல்லது மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா? முதுகுவலியோடு வருபவருக்குச் சிறுநீர் அடங்காமையும் தொடையிடுக்கில் உணர்வின்மையும் சேர்ந்திருந்தால் அவரை உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். கழுத்துவலியும் புதுவிதத் தலைவலியும் சேர்ந்திருந்தால் கழுத்து இரத்தக்குழாயைப் பற்றி யோசிக்காமல் கை வைக்கக் கூடாது. பதிவு என்ற ஏற்பாடே என்னைப் பொறுத்தவரை இதற்காகத்தான் இருக்கிறது; மற்றவை எழுத்தர் வேலை.

எங்கே படிப்பது என்பதில் ஓர் எச்சரிக்கை. வாசன் அண்ணா குறிப்பிட்ட லிட்டில்ஜானின் பள்ளி 2017-இல் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஃப் ஆஸ்டியோபதி ஆனது, 2024-இல் போர்ன்மத்தைச் சேர்ந்த நிறுவனத்தோடு இணைந்து ஹெல்த் சயின்சஸ் யூனிவர்சிட்டியின் பகுதியாகிவிட்டது. ஸ்வான்சி பல்கலைக்கழகத்திலும் படிப்பு இருக்கிறது. ஆக்ஸ்போர்டு புரூக்ஸில் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. இது சிறிய தொழில். நாடு முழுவதும் பதிவேட்டில் ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு பேர்தாம். கல்லூரிகள் இணைவதும் படிப்புகள் மூடப்படுவதும் அடிக்கடி நடப்பதால், பழைய வலைப்பதிவுகளை நம்பிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டாம். மருத்துவப் பின்னணி உள்ளவர்களுக்குக் குறுக்கிய பாடத்திட்டங்கள் சில இடங்களில் வழங்கப்படுவதுண்டு. செந்தில் அண்ணாவுக்கு நான்காண்டு என்ற கணக்கு மாறலாம்.

செலவைப் பற்றி யாரும் பேசவில்லை. சார்ந்தவர் விசாவில் இருப்பவருக்கு உள்நாட்டு மாணவர் கட்டணமும் அரசின் மாணவர் கடனும் பொதுவாகக் கிடைப்பதில்லை. நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கிடைத்த பின் படித்தால் கட்டணத்தில் பெரும் வேறுபாடு வரும்.

மட்டுறுத்துநர்:

நண்பர்களே, டிப்ளமோ வழங்கும் குறிப்பிட்ட நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லி ஒருவர் இட்ட மறுமொழி நீக்கப்பட்டுள்ளது. ஆதாரமின்றி எந்த நிறுவனத்தையும் இங்கே குற்றஞ்சாட்ட வேண்டாம். உரையாடல் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

கோவை செந்தில் எழுதியது:

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. டிப்ளமோ நிறுவனத்துக்குப் பாடத்திட்டமும் நேரக் கணக்கும் கேட்டு எழுதினேன். தேர்வு மதிப்பெண் பட்டியலை மட்டும் மீண்டும் அனுப்பிவைத்தார்கள். அகிலா சொன்னபடி எச்.சி.பி.சி. விண்ணப்பத்தை முதலில் தொடங்கலாம் என்று மனைவியும் சொல்கிறார். எனக்கும் அதுவே படுகிறது. ஆனாலும் ஆஸ்டியோபதியைக் கைவிட மனமில்லை, பின்னால் படிக்கும் எண்ணம் இருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். எச்.சி.பி.சி. முடிவு வரும்வரை கைச்சிகிச்சையாளர் என்ற பொதுப் பெயரில் வீட்டின் முன்னறையில் தொழில் செய்யலாமா? என் விசா சுயதொழிலை அனுமதிக்கிறது. அடுத்தது, ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்ற பிறகு பதிவுக்கு என்னென்ன கேட்பார்கள், பதிவைத் தக்கவைக்க ஆண்டுதோறும் என்ன செய்ய வேண்டும்?

வெம்பிளி வாசன் எழுதியது:

முன்னறை பற்றி முதலில். தேசிய அளவில் கைச்சிகிச்சையாளர் என்பதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் இலண்டனில் 1991-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் ஒன்று, மசாஜ், அக்குபங்சர் போன்ற சிறப்புச் சிகிச்சைகளை வழங்கும் இடத்துக்கு உரிமம் கேட்க நகராட்சிகளுக்கு அதிகாரம் தருகிறது. அங்கீகாரம் பெற்ற சுகாதாரத் தொழில் அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு விலக்கு உண்டு. பதிவில்லாதவருக்கு அந்த விலக்கு எளிதில் வாய்க்காது. தசையில் மருந்தில்லா ஊசி குத்தும் உலர் ஊசி முறையைச் செய்வதாக இருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். ஆகவே ஹாரோ நகராட்சியின் உரிமப் பிரிவை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் அனுமதியும், தொழிற்காப்பீடும் வேண்டும். 'பிசியோதெரபிஸ்ட்' என்ற பெயரும் ஆஸ்டியோபத் போலவே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, எச்.சி.பி.சி. பதிவு வரும்வரை கோவையில் அந்தப் பெயரில் இருந்தேன் என்று விளம்பரத்தில் எழுதுவதிலும் கவனம் வேண்டும்.

இனி ஆஸ்டியோபதிப் பதிவு. பட்டம் கிடைத்ததைக் கல்லூரி கவுன்சிலுக்குத் தெரிவிக்கும். உங்கள் தரப்பில் அடையாளச் சான்று, உறவினரல்லாத பொறுப்பான நிலையிலுள்ள ஒருவர் தரும் நன்னடத்தைக் குறிப்பு, உடல்நலம் பற்றிய தகவல், டிபிஎஸ் எனப்படும் குற்றப்பின்னணிச் சோதனையின் மேம்பட்ட வடிவம் ஆகியவை வேண்டும். வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துக்கு அந்நாட்டுக் காவல்துறைச் சான்றைக் கேட்கும் வாய்ப்பு இருப்பதால், ஊருக்குப் போகும்போது அதற்கான தாள்களைத் திரட்டிக்கொள்வது நல்லது. பழைய எச்சரிக்கையோ தண்டனையோ இருந்தால் மறைக்காதீர்கள். சிறு விஷயம் பதிவைத் தடுப்பது அரிது. அதை மறைத்தது தெரியவந்தால், அந்த மறைப்பே நேர்மையின்மையாகக் கருதப்படும். நோயாளியைத் தொடும் முன் குறைந்தது 50 இலட்சம் பவுண்டுக்கான தொழிற்பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. கட்டணம் முதலாண்டில் குறைவாகவும் மூன்றாம் ஆண்டில் முழுதாகவும் இருக்கும். நெடுங்காலம் அது 320, 430, 570 பவுண்டு என்ற படிகளில் இருந்தது. விண்ணப்பிக்கும்போது அன்றைய தொகையைச் சரிபாருங்கள்.

தக்கவைப்பது இன்னொரு பாதி. 2018 அக்டோபரில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, மூன்றாண்டுச் சுழற்சியில் 90 மணி நேரம் தொடர்கல்வி. அதில் பாதியாவது பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். உங்கள் தொழிலை நீங்களே புறவயமாக அளந்து பார்த்த ஒரு செயல், அதாவது நோயாளிகளின் கருத்தறிதல் அல்லது பதிவுத்தாள் தணிக்கை போன்ற ஒன்று, கட்டாயம். தகவல் பரிமாற்றமும் ஒப்புதலும் பற்றிய பயிற்சி கட்டாயம். சுழற்சியின் முடிவில் சக தொழிலர் ஒருவரோடு அமர்ந்து இவையனைத்தையும் பேசி, அவர் கையொப்பமிட வேண்டும். ஒப்புதலைத் தனியாக வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆஸ்டியோபத்துகள் மீது வரும் புகார்களில், கைத்திறன் குறைவு என்பதைவிட, என்ன செய்யப் போகிறார் என்று எனக்குச் சொல்லவில்லை என்பது அடிக்கடி எழுகிறது. நம் முதியவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். ஆங்கிலம் தெரியாத பாட்டி மகனிடம் தலையாட்டினால் அது பாட்டியின் ஒப்புதல் ஆகாது. ஆடையைத் தளர்த்த வேண்டிய பரிசோதனை என்றால் அதை முன்கூட்டியே தமிழில் சொல்லி, துணைக்கு ஒருவர் வேண்டுமா என்று கேட்டு, கேட்டதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்தக் குறிப்பேட்டைக் கடைசிச் சந்திப்பிலிருந்து எட்டு ஆண்டுகள், குழந்தையென்றால் அதன் 25-ஆம் பிறந்தநாள் வரை, காத்து வைக்க வேண்டும்.

மலர்விழி எழுதியது:

வாசன் அண்ணா சொன்னதோடு விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயில் திருவிழா மலரிலும் தமிழ்க் கடைகளின் சுவரிலும் நம்மவர்கள் தரும் விளம்பரங்களில், தைராய்டு முதல் குழந்தையின்மை வரை குணமாகும் என்று எழுதுவது சர்வசாதாரணம். பதிவு பெற்ற ஆஸ்டியோபத் அப்படி எழுதக் கூடாது. விளம்பர நியமக் குழு 2016-இல் இத்தொழிலுக்கென வழிகாட்டுதலை வெளியிட்டது. கைக்குழந்தைகளின் வயிற்றுவலி, விடாத அழுகை போன்றவற்றுக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்ல ஆதாரம் போதாது என்பது அதன் நிலைப்பாடு. கவுன்சிலும் அதைப் பின்பற்றும்படி உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. விளம்பரம் தமிழில் இருக்கிறது, யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. போட்டியாளர் படிப்பார்.

நெல்லியடியான் எழுதியது:

என் மனத்தாங்கல் முழுதாகத் தீரவில்லை, ஆனாலும் 1935-ஆம் ஆண்டுக் கதை எனக்குப் புதிது. அவர்களும் தோற்றுத்தான் வந்திருக்கிறார்கள் என்று அறிந்துகொண்டேன். தம்பி வாசனிடம் ஒரு கேள்வி: என் பேரன் பாரிஸில் ஆஸ்டியோபதி படிக்கிறான். பிரான்சில் அது 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்டது, படிப்பு ஐந்தாண்டு என்கிறான். அவனுக்கு இங்கே பதிவு எளிதா?

வெம்பிளி வாசன் எழுதியது:

ஐயா, உங்கள் பேரன் நல்ல அடித்தளத்தோடு வருகிறார். பிரான்சில் 2014-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு அந்தப் படிப்பு ஐந்தாண்டு, 4,860 மணி நேரம் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிரெக்சிட்டின் இடைக்காலம் 2020 இறுதியில் முடிந்தபின், ஐரோப்பியச் சலுகை இல்லை. அவரும் வெளிநாட்டுத் தகுதிக்கான அதே மதிப்பீட்டு வழியில்தான் வர வேண்டும். ஆனால் பாடத்திட்டமும் நேரக் கணக்கும் கேட்டவுடன் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய நிலையில் அவர் இருப்பார் என்பதே பெரும் வேறுபாடு. படிக்கும் காலத்திலேயே, பார்த்த நோயாளிகளின் பதிவை பெயர் நீக்கி ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; வினாத்தாளுக்கு அதுதான் மூலப்பொருள். பேரனின் ஆங்கிலமும் நோயாளியோடு பேசும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றதாக நிறுவப்பட வேண்டும்.

செந்தில், குறுக்கிய பாடத்திட்டம் பற்றிக் கல்லூரிகளுக்கு எழுதும்போது மூன்றைத் தவறாமல் கேளுங்கள். அந்தக் குறுக்கிய வழியே கவுன்சிலின் பட்டியலில் உள்ள தகுதியில் முடிகிறதா, அல்லது அதே பெயரிலான வேறொரு முதுநிலைப் பட்டத்தில் முடிகிறதா? 1,000 மணி நேரக் கிளினிக் பயிற்சியில் எவ்வளவு உங்களுக்கு விலக்களிப்பார்கள், விலக்களிப்பதை எழுத்தில் தருவார்களா? நீங்கள் படித்து முடிக்கும் ஆண்டுவரை அந்தப் படிப்பின் அங்கீகாரம் செல்லுமா, நடுவில் மறுமதிப்பீடு வருகிறதா? பதில் வந்ததும் இங்கே இடுங்கள். இதே கேள்வியோடு காத்திருப்பவர்கள் இன்னும் சிலர் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள்.